மின்கம்பி மேலே செல்வதா, பூமிக்கடியில் செல்வதா?
பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பாடம்

புயலும் மழையும் வந்து மின்கம்பங்கள் சாயும்போதெல்லாம் நமது கிராமங்களில் ஒரு கேள்வி எழுவது வழக்கம். "பட்டணங்களில் மின்சாரக் கம்பிகளைப் பூமிக்கடியில் புதைத்து விடுகிறார்களே, நம் ஊரிலும் அவ்வாறு செய்தால் என்ன?" என்பதே அது. கேள்வி நியாயமானதுதான். அறுந்து விழுந்த கம்பியை மிதித்து மாடு மாண்டது, காற்றில் கம்பிகள் உரசித் தீப்பொறி பறந்து கரும்புத் தோட்டம் எரிந்தது என்ற செய்திகளைக் கேட்டவர்கள் இவ்விதம் கேட்பதில் வியப்பில்லை. கிராம சபைகளில் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்ப விரும்பும் ஊராட்சிகளும் உண்டு. ஆனால் தீர்மானம் நிறைவேற்றுமுன் இரு முறைகளின் தன்மையையும் நன்கு அறிந்து கொள்வது அவசியம். நிலத்தடி கேபிளின் அனுகூலங்கள் கண்ணுக்குத் தெரிபவை. அதன் பிரதிகூலங்களோ கேபிளைப் போலவே மண்ணுக்குள் மறைந்திருப்பவை. அவற்றை எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிராமங்களுக்கு மின்சாரம் வந்த வழி

தமிழ்நாட்டில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-லும், மேட்டூர் நீர்மின் நிலையம் 1937-லும் இயங்கத் தொடங்கின. 1957-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி மின்சார வாரியம் அமைந்த பின், கிராமங்களுக்கும் இறவைக் கிணறுகளுக்கும் மின்சாரம் அளிக்கும் பணி வேகம் பெற்றது. இப்பணி இத்துணை விரைவாக நடைபெற்றதற்கு ஒரு முக்கிய காரணம், கம்பத்தின் மேல் கம்பி இழுக்கும் முறை எளியதாகவும் சிக்கனமானதாகவும் இருந்ததேயாகும். மேடு பள்ளம், ஓடை, வரப்பு ஆகிய எதனையும் தாண்டிக் கம்பி சென்றது. ஒரு கிணற்றுக்கு அளித்த இணைப்பிலிருந்து இரண்டு கம்பம் நட்டால் அடுத்த கிணற்றுக்கும் மின்சாரம் கிடைத்தது. ஒவ்வொரு கிணற்றுக்கும் பள்ளம் தோண்டிக் கேபிள் புதைத்துத்தான் இணைப்பு அளிக்க வேண்டும் என்றிருந்தால், பெரம்பலூர்ப் பகுதியின் மானாவாரிக் காடுகளின் நடுவே உள்ள கிணறுகள் மின்சாரம் பெற இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்திருக்கும்.

காற்று என்னும் இலவசக் காப்பு

மேலே செல்லும் கம்பி பெரும்பாலும் மேலுறை அற்ற வெறும் அலுமினியக் கம்பியே. அதனைத் தாங்குமிடத்தில் மட்டும் பீங்கான் இன்சுலேட்டர் உண்டு. மற்ற இடமெங்கும் சுற்றியுள்ள காற்றே மின்சாரம் வெளியே பாயாமல் காக்கிறது. காற்றுக்கு விலை இல்லை. அது பழுதடைவதும் இல்லை. ஒரு முறை மின்பொறி பாய்ந்து போனாலும், பொறி அணைந்தவுடன் காற்று மீண்டும் தன் காக்கும் தன்மையைப் பெற்று விடுகிறது. அதோடு, கம்பியில் உண்டாகும் வெப்பத்தையும் காற்றே எடுத்துச் சென்று விடுகிறது.

நிலத்தடி கேபிளின் நிலை வேறு. மண்ணும் ஈரமும் மின்சாரத்தைக் கடத்துபவை. ஆகவே கம்பியைச் சுற்றி, அதன் முழு நீளத்திற்கும், பாலித்தீன் வகையைச் சேர்ந்த காப்புறை இடவேண்டும்; அதன்மேல் உலோகத் திரை, எஃகுக் கவசம், வெளியுறை ஆகியவையும் வேண்டும். பின்பு பள்ளம் தோண்டி, மணல் பரப்பி, கேபிளை இட்டு, மேலும் மணல் போட்டு, செங்கல்லோ பலகைக் கல்லோ அடுக்கி மூடவேண்டும். இந்தியத் தர நிர்ணயப்படி 11 கிலோவோல்ட் கேபிளை 90 சென்டிமீட்டர் ஆழத்திலும், 33 கிலோவோல்ட் கேபிளை 105 சென்டிமீட்டர் ஆழத்திலும், வீட்டு இணைப்புக்கான தாழ்வழுத்தக் கேபிளை 75 சென்டிமீட்டர் ஆழத்திலும் புதைக்கவேண்டும். கேபிளின் விலையும் பள்ளம் தோண்டும் கூலியும் சேர்ந்து, மேல்நிலைக் கம்பியைப் போல் பல மடங்கு செலவு ஏற்படுகிறது. மின்னழுத்தம் உயர உயர இந்த மடங்கும் உயருகிறது.

நமது மண்ணின் குணம்

கேபிள் புதைக்கும் மண் எத்தகையது என்பதைப் பொறுத்தே அதன் ஆயுளும் திறனும் அமைகின்றன. இவ்விரு மாவட்டங்களின் மண்ணை நோக்குவோம்.

பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் பெரம்பலூர் மாவட்டத்துக் கரிசல் மண், மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும் இயல்புடையது. சித்திரை, வைகாசியில் அம்மண் கை நுழையும் அளவுக்கு வெடித்துப் பிளப்பதை நாம் அறிவோம். இவ்வாறு ஆண்டுதோறும் மண் உப்பிச் சுருங்கும்போது அதனுள் புதைந்துள்ள கேபிளும் அசைக்கப்படுகிறது. நீளக் கேபிள் இதனைப் பொறுத்துக் கொள்ளும். ஆனால் இரு துண்டுகளை இணைத்த மூட்டுகள் இழுவிசை பட்டு நாளடைவில் தளரக்கூடும். மூட்டில் சிறு வழி ஏற்பட்டால் ஈரம் உள்ளே புகும்.

இன்னொரு தீமையும் உண்டு. கேபிளில் உண்டாகும் வெப்பம் மண்ணின் வழியாகவே வெளியேற வேண்டும். ஈரமண் வெப்பத்தை எளிதில் கடத்தும். உலர்ந்து வெடித்த மண் அவ்வளவாகக் கடத்தாது. கோடையில்தான் இறவை மோட்டார்கள் அதிகம் ஓடுகின்றன; அந்தக் கோடையில்தான் மண்ணும் காய்ந்து கிடக்கிறது. ஆகவே கேபிளுக்குச் சுமை மிகும் காலமும், அது குளிர முடியாத காலமும் ஒன்றாகவே வருகின்றன. இக்காலத்துப் பாலித்தீன் காப்புறையுடைய கேபிளின் கம்பி 90 பாகை செல்சியஸ் வரையே சூடேறலாம். அதற்குமேல் தொடர்ந்து சூடேறினால் காப்புறையின் ஆயுள் குறையும். இதனால் ஒரே கனமுள்ள கம்பி மேலே செல்லும்போது எடுத்துச் செல்லும் மின்னோட்டத்தைவிடக் குறைவான மின்னோட்டத்தையே பூமிக்கடியில் எடுத்துச் செல்ல முடிகிறது.

பச்சைமலை அடிவாரத்தில் நிலைமை வேறு விதமானது. அங்கு சில அடி ஆழத்திலேயே பாறை தட்டும் இடங்கள் பல. கம்பம் நடுவதற்கு ஐம்பது மீட்டருக்கு ஒரு குழி போதும். கேபிளுக்கோ முழு நீளத்திற்கும் பாறையை உடைக்க வேண்டும்.

அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் உள்ளன. சுமையேற்றிய லாரிகள் இடைவிடாது செல்லும் சாலைகளின் ஓரத்தில் கேபிள் புதைத்தால், ஆழமும் பாதுகாப்பும் சரியாக இல்லாவிடத்து அழுத்தத்தால் பழுது நேரலாம். திருமானூர், தா. பழூர்ப் பகுதிகளில் கொள்ளிடக் கரையை அடுத்த நெல்வயல்களில் நிலத்தடி நீர் மேலாக நிற்கிறது. கேபிளின் உறையில் ஈரம் தங்கி, மின்னழுத்தமும் அதனுடன் சேர்ந்து செயல்படும்போது, காப்புறைக்குள் மரக்கிளை போன்ற மிக நுண்ணிய பிளவுகள் ஆண்டுக்கணக்கில் வளர்கின்றன. இதனை மின்பொறியாளர்கள் 'நீர்மரம்' என்று அழைக்கிறார்கள். வெளியே ஓர் அறிகுறியும் தோன்றாது. ஒரு நாள் திடீரெனக் கேபிள் வெடித்த பின்னரே நோய் இருந்தது தெரியவரும்.

பழுது கண்டுபிடிக்கும் கஷ்டம்

மேல்நிலைக் கம்பியில் ஏற்படும் கோளாறுகளில் பெரும்பாலானவை தற்காலிகமானவை. கிளை உரசுகிறது, காக்கை அடிபடுகிறது, இடி தாக்குகிறது. துணை மின்நிலையத்தில் இணைப்பு ஒரு கணம் துண்டிக்கப்பட்டு மீண்டும் கொடுக்கப்பட்டால் மின்சாரம் வந்து விடுகிறது. நிரந்தரமான கோளாறாயினும், லைன்மேன் கம்பிப் பாதையில் நடந்து சென்றால் அறுந்த கம்பியையோ உடைந்த இன்சுலேட்டரையோ கண்ணால் காணலாம். சில மணி நேரத்தில் சரி செய்து விடலாம்.

கேபிளில் ஏற்படும் பழுது அநேகமாக நிரந்தரமானது. காப்புறை ஒரு முறை துளைபட்டால் தானாக மூடிக் கொள்ளாது. துளை எங்கே என்று மேலிருந்து பார்த்துச் சொல்லவும் இயலாது. இதற்கெனச் சோதனைக் கருவிகள் பொருத்திய வண்டியும், பயிற்சி பெற்ற பணியாளரும் வரவேண்டும். பழுதின் தூரம் கணக்கிடப் பயன்படும் பழைய முறைகளுள் ஒன்று மர்ரே வளையச் சோதனை. அதன் தத்துவத்தை உயர்நிலைப்பள்ளி மாணவரும் எளிதில் அறியலாம்.

ஒரு கேபிளின் பழுதுற்ற கம்பியையும் பழுதற்ற கம்பியையும் கடைசி முனையில் ஒன்றாக இணைத்தால் ஒரு வளையம் கிடைக்கிறது. கேபிளின் நீளம் 1,200 மீட்டர் என்றால் வளையத்தின் நீளம் 2,400 மீட்டர். இவ்வளையத்தின் இரு முனைகளையும் ஒரு மின்தடைப் பாலத்துடன் இணைத்துச் சமநிலைப்படுத்தினால், பழுது வளையத்தை எந்த விகிதத்தில் பிரிக்கிறது என்பது தெரியும். விகிதம் 5-க்கு 1 என்று வந்தால், வளையத்தை 6 பங்காக்கி ஒரு பங்கை எடுத்துக் கொள்ள வேண்டும். 2,400 மீட்டரில் ஆறில் ஒரு பங்கு 400 மீட்டர். ஆகவே சோதனை செய்யும் முனையிலிருந்து 400 மீட்டர் தூரத்தில் பழுது உள்ளது என்று அறிகிறோம்.

கணக்கு எளிதுதான். ஆனால் கேபிள் எந்த வழியில் புதைக்கப்பட்டது என்ற வரைபடம் சரியாக இருந்தால் அன்றோ அந்த 400 மீட்டர் எந்த இடம் என்று தெரியும்? வரைபடம் பேணப்படாத இடத்தில் பல குழிகள் தோண்ட நேரிடும். இடம் கண்டபின் குழியைத் தோண்டி, பழுதுற்ற துண்டை வெட்டி நீக்கி, புதுத் துண்டு வைத்து இரு மூட்டுகள் போடவேண்டும். மூட்டுப் போடும் இடம் தூசியும் ஈரமும் இன்றி இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் ஊறும் குழிக்குள் இவ்வேலையைச் செய்வது எவ்வளவு சிரமம் என்பதை எண்ணிப் பார்க்கலாம். மேல்நிலைக் கம்பியில் அரைநாளில் முடியும் வேலை, கேபிளில் இரண்டு மூன்று நாள் ஆவதும் உண்டு. நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியவருக்கு இந்த நாட்கள் மிகவும் முக்கியமானவை.

மண்வெட்டியும் மண் அள்ளும் இயந்திரமும்

இன்று கிராமங்களில் பூமியைத் தோண்டும் வேலைகள் பெருகிவிட்டன. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் குடிநீர்க் குழாய் பதித்தல், சொட்டுநீர்ப் பாசனத்திற்குக் குழாய் புதைத்தல், பண்ணைக் குட்டை வெட்டுதல், ஆழ்துளைக் கிணறு அமைத்தல் ஆகியவை எங்கும் நடைபெறுகின்றன. மேலே செல்லும் கம்பியை அனைவரும் காண்கின்றனர். மண்ணுக்குள் இருக்கும் கேபிளை இயந்திரம் ஓட்டுபவர் காண்பதில்லை. இயந்திரத்தின் பல் கேபிளில் பட்டால் மின்சாரம் நிற்பதோடு, வேலை செய்பவரின் உயிருக்கும் ஆபத்து. விவசாய நிலத்தின் நடுவே கேபிள் சென்றால், அப்பாதையில் பிற்காலத்தில் கிணறோ குட்டையோ வெட்ட முடியாது. ஆழமாக வேர்விடும் மரங்களையும் வளர்க்க இயலாது. 'பூமிக்கடியில் போனால் நிலம் முழுவதும் நமக்கே மிஞ்சும்' என்ற எண்ணம் ஓரளவே உண்மையாகும்.

புதிய இணைப்பு அளிப்பதிலும் இடர்ப்பாடு உண்டு. கம்பத்திலிருந்து ஒரு வீட்டுக்குக் கம்பி இழுப்பது சிறு வேலை. கேபிள் முறையில் தெருவோரம் பில்லர் பாக்ஸ் என்னும் இரும்புப் பெட்டி அமைத்து அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கேபிள் கொண்டு செல்லவேண்டும். சென்னை நகரின் பெரும்பகுதியில் இம்முறையே உள்ளது. அங்கு மழைநீர் தேங்கிப் பெட்டிகளைச் சூழும்போது, உயிராபத்தைத் தவிர்க்க மின்சாரத்தையே நிறுத்தி வைக்க நேரிடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலின்போதும் நீர் சூழ்ந்த பகுதிகளில் இவ்வாறே நிறுத்தி வைக்கப்பட்டது. கேபிள் இருந்தால் மழைக்காலத்தில் மின்தடையே இராது என்று கருதுவதற்கில்லை.

உயர் அழுத்தப் பாதைகள்

கோபுரங்களின் மேல் செல்லும் உயர் அழுத்தப் பாதைகளைப் பற்றியும் அறிதல் நன்று. 400 கிலோவோல்ட் பாதைக்கு சுமார் 46 மீட்டர் அகலம் ஒதுக்கப்படுகிறது. இதனால் நிலத்தின் பயனும் மதிப்பும் குறைவதால், 2018, 2019-ஆம் ஆண்டுகளில் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் விவசாயிகள், சாலையோரமாகக் கேபிள் புதைக்க வேண்டுமெனக் கோரிப் போராடினர். கேரளத்தில் அவ்வாறு செய்யப்பட்டதை அவர்கள் எடுத்துக் காட்டினர். புகளூரிலிருந்து திருச்சூருக்குச் செல்லும் 2,000 மெகாவாட் பாதையில், கேரளத்தினுள் சுமார் 27 கிலோமீட்டர் தூரம் கேபிளாகச் செல்வது உண்மையே. அப்பாதை 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

ஆனால் அது நேர்மின்னோட்டப் பாதை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். நாம் வீட்டிலும் கிணற்றிலும் பயன்படுத்துவது விநாடிக்கு 50 முறை சுழலும் மாறுமின்னோட்டம். கேபிளின் கம்பியும், அதைச் சூழ்ந்த உலோகத் திரையும், இடையிலுள்ள காப்புறையும் சேர்ந்து ஒரு நீண்ட தொட்டியைப் போல் ஆகின்றன. மாறுமின்னோட்டம் ஒவ்வொரு சுழற்சியிலும் இத்தொட்டியை நிரப்பிக் காலி செய்கிறது. இதனால் ஒரு மோட்டாரும் சுழல்வதில்லை. ஒரு விளக்கும் எரிவதில்லை. ஆயினும் கம்பியின் கொள்ளளவில் ஒரு பகுதியை இது பிடித்துக் கொள்கிறது. 11 கிலோவோல்ட் கேபிளில் இது கிலோமீட்டருக்கு ஓர் ஆம்பியருக்கும் குறைவாகவே வரும், பொருட்படுத்த வேண்டியதில்லை. 400 கிலோவோல்ட் கேபிளிலோ கிலோமீட்டருக்கு சுமார் 15 ஆம்பியர் ஆகிறது. 50 கிலோமீட்டர் சென்றால் 750 ஆம்பியர் இதற்கே போய்விடும். வழியில் ஈடுசெய்யும் நிலையங்கள் அமைத்தாலன்றி நெடுந்தூரம் செல்ல இயலாது. நேர்மின்னோட்டத்தில் இத்தொல்லை இல்லை. ஆனால் இரு முனைகளிலும் பெரும் பொருட்செலவில் மாற்று நிலையங்கள் வேண்டும். விவசாயிகளின் குறை நியாயமானதே. நிலத்திற்குத் தக்க இழப்பீடு கேட்பதும், பாதையை வரப்போரமாக அமைக்கக் கேட்பதும் அவர்கள் உரிமை. ஆனால் எல்லாப் பாதைகளையும் புதைத்து விடலாம் என்பது எளிதில் கைகூடுவதன்று.

கேபிள் ஏற்ற இடங்கள்

இதுவரை கூறியதைக் கொண்டு கேபிளே வேண்டாம் என்று முடிவு கட்டுவது தவறாகும். 2018 நவம்பர் 16-இல் கரையைக் கடந்த கஜா புயல், காவிரிப் படுகை மாவட்டங்களில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் பாழாக்கியது. இத்தகைய கடற்கரை நகரங்களில் கேபிள் புதைப்பது தகும். கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி ஆகிய இடங்களில் உலக வங்கி உதவியுடன் இப்பணி மேற்கொள்ளப்பட்டது. 2022 ஏப்ரல் 27-இல் தஞ்சையை அடுத்த களிமேட்டில் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் மாண்ட துயரத்தை நாம் மறக்க முடியாது. தேரோடும் வீதிகள், மாடிவீடுகள் நெருங்கிய கடைவீதிகள், இருப்புப்பாதையைக் கடக்குமிடங்கள், துணை மின்நிலையத்திலிருந்து பல பாதைகள் ஒருங்கே வெளிவருமிடங்கள் ஆகியவற்றிற்குக் கேபிளே ஏற்றது.

கடற்கரைக்கு உள்ளே தள்ளியுள்ள நமது இரு மாவட்டங்களில், பரந்த காடுகளின் நடுவே ஆங்காங்கு சிதறிக் கிடக்கும் கிணறுகளுக்கும் சிற்றூர்களுக்கும் மேல்நிலைக் கம்பியே பொருத்தமானது. அதனைச் செம்மையாக வைத்திருப்பதிலேயே நமது கவனம் செல்ல வேண்டும்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

1. கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை அனைவரும் அறிந்திருக்க வேண்டும். தெருவைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி 5.8 மீட்டருக்கும், 11 கிலோவோல்ட் கம்பி 6.1 மீட்டருக்கும் குறையாத உயரத்தில் இருத்தல் வேண்டும். வயல்வெளியில் 11 கிலோவோல்ட் வரையுள்ள வெறுங்கம்பிக்கு 4.6 மீட்டர் உயரம் வேண்டும். அறுவடை இயந்திரமும், வைக்கோல் ஏற்றிய வண்டியும் செல்லும் வழியில் கம்பி தொய்ந்திருந்தால் உடனே தெரிவிக்கவும்.

2. வீடு கட்டுவோர், 11 கிலோவோல்ட் கம்பியிலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளியேனும் விடவேண்டும். கம்பிக்கு நேர் கீழே வீடோ கொட்டகையோ கட்டக் கூடாது.

3. கம்பிக்கடியில் தென்னை, தேக்கு, வேம்பு முதலிய உயரமான மரங்களை நடாதிருத்தல் நலம். மாதாந்திரப் பராமரிப்பின்போது கிளை வெட்ட வரும் பணியாளருக்கு இடம் தந்து உதவுங்கள். நீங்களே வெட்ட முயலாதீர்கள்.

4. ஊருக்குள் குறுகிய தெருக்களில் வெறுங்கம்பிக்குப் பதிலாக, உறையிட்ட கம்பிகளை முறுக்கிக் கம்பத்தின் மேல் கொண்டு செல்லும் முறையைக் கோரலாம். இது உயிராபத்தைக் குறைக்கும்; கொக்கி போட்டு மின்சாரம் திருடுவதையும் தடுக்கும்; புதைகேபிளைவிடச் செலவும் குறைவு.

5. சாய்ந்த கம்பம், காரை பெயர்ந்து கம்பி தெரியும் கம்பம், உடைந்த இன்சுலேட்டர் ஆகியவற்றை ஆண்டுக்கொரு முறை, ஆடிக் காற்றுக்கு முன்பே, ஊராட்சி பட்டியலிட்டு மின் அலுவலகத்திற்குத் தரவேண்டும். அதன் நகலைக் கிராம சபையில் வைத்து, எவையெவை சரி செய்யப்பட்டன என்று அடுத்த கூட்டத்தில் கேட்கவேண்டும்.

6. கேபிள் புதைந்துள்ள இடங்களில் அடையாளக் கற்களைப் பெயர்க்காதீர்கள். தோண்டுமுன் மின் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

7. அறுந்து கிடக்கும் கம்பியின் அருகே செல்லக் கூடாது. ஆடு மாடுகளையும் விடக் கூடாது. ஒருவர் காவல் நிற்க, மற்றவர் மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஊராட்சியின் தீர்மானம் 'எங்கள் ஊர் முழுவதற்கும் கேபிள் வேண்டும்' என்று இருப்பதைவிட, 'தேர்வீதிக்குக் கேபிள், காலனித் தெருவுக்கு உறையிட்ட கம்பி, ஏரிக்கரையில் சாய்ந்துள்ள மூன்று கம்பங்களுக்குப் பதிலாகப் புதுக் கம்பங்கள்' என்று இடஞ்சுட்டி இருந்தால், அது நிறைவேறும் வாய்ப்பு அதிகம். அதனால் காக்கப்படும் உயிர்களும் அதிகம்.